எட்டாத பந்துக்கும் கணக்கு வேண்டும்

மாணவர்களே, முதலில் ஒரு கேள்வி. ஓடிப்போய்ப் பந்தைத் தொட்டுத் தவறவிட்டவர் மோசமான ஆட்டக்காரரா? அல்லது பந்து தம்மைத் தாண்டிப் போவதை நின்ற இடத்திலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தவர் மோசமான ஆட்டக்காரரா? உடனே பதில் சொல்லிவிடுவீர்கள். ஆனால் நூறு ஆண்டுகளுக்கும் மேலாக அமெரிக்காவின் பேஸ்பால் புள்ளிவிவரம் முதலாமவர் பெயருக்கு நேராகத்தான் "பிழை" என்று எழுதி வந்திருக்கிறது. இரண்டாமவர் பெயருக்கு நேராக ஒன்றும் எழுதவில்லை.

அறிவியல் இணைப்பில் விளையாட்டுக்கு என்ன வேலை என்று கேட்காதீர்கள். உங்களில் பலர் கைப்பேசியில் காற்பந்து ஆடுகிறீர்கள். "இவனுக்கு ஏன் 87, அவனுக்கு ஏன் 84?" என்று ஓய்வு நேரத்தில் சிற்றுண்டிச்சாலையில் நடக்கும் வாக்குவாதம் என் காதிலும் விழுகிறது. அந்த எண்ணை யாரோ ஒருவர் எங்கோ உட்கார்ந்து தீர்மானித்திருக்கிறார். எப்படித் தீர்மானித்தார் என்பது அளவீட்டைப் பற்றிய கேள்வி. அளவீடு அறிவியலின் வேலைதான்.

இந்தக் கேள்வி மிகக் கூர்மையாகத் தெரியும் இடம் பேஸ்பால் பாவனை விளையாட்டுகள். பேஸ்பால் நம் பள்ளிகளில் அதிகம் இல்லை; அதன் தங்கையான சாஃப்ட்பால் உண்டு. ஆகவே களம் உங்களுக்குப் புதிதாக இருக்காது. அமெரிக்காவில் 1951இல் ஆப்பா என்றொரு விளையாட்டும், 1961இல் ஹால் ரிச்மன் என்பவர் உருவாக்கிய ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக் என்றொரு விளையாட்டும் வெளிவந்தன. கணினி இல்லாத காலம். உண்மையான ஆட்டக்காரர் ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டை, அதோடு பகடைகள். ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக்கில் மூன்று பகடைகளை உருட்ட வேண்டும். முதல் பகடையில் 1 முதல் 3 வரை விழுந்தால் பந்தடிப்பவரின் அட்டையைப் பார்க்க வேண்டும். 4 முதல் 6 வரை விழுந்தால் பந்து வீச்சாளரின் அட்டையை. மற்ற இரண்டு பகடைகளின் கூட்டுத்தொகை அந்த அட்டையில் எந்த வரி என்பதைச் சொல்லும். நிகழ்தகவுப் பாடத்தை அப்படியே மேசைமேல் வைத்ததுபோன்ற விளையாட்டு. இன்று கணினியில் ஆடும் பாவனை விளையாட்டுகளுக்கும் அடிப்படை இதுதான். பகடைக்குப் பதிலாக நிரல் எண்களை உருட்டுகிறது.

பந்தடிப்பவரின் அட்டையைத் தயாரிப்பது அவ்வளவு சிரமமில்லை. அவர் எத்தனை முறை மட்டை பிடித்தார், எத்தனை முறை அடித்தார் என்பதெல்லாம் பதிவேட்டில் இருக்கிறது. சிக்கல், பந்து களத்துக்குள் போனபிறகுதான் தொடங்குகிறது. பந்து வீச்சாளர் அட்டையின் சில வரிகள், "ஷார்ட்ஸ்டாப் பக்கம் பந்து போகிறது, அவருடைய தரத்தைப் பார்" என்று சொல்லி நிறுத்திக்கொள்ளும். இரண்டாம் தளத்துக்கும் மூன்றாம் தளத்துக்கும் நடுவே நிற்பவர்தான் ஷார்ட்ஸ்டாப். வலக்கை ஆட்டக்காரர்கள் தரையோடு அடிக்கும் பந்துகளில் பெரும்பங்கு அவர் பக்கம்தான் வரும். அவருக்கு 1 முதல் 5 வரை ஒரு தரப்புள்ளி உண்டு. 1 என்றால் மிகச் சிறந்தவர். அந்த 1ஐயும் 5ஐயும் கொடுப்பது யார்? எந்த ஆதாரத்தில்?

பழைய ஆதாரம் ஒன்று இருக்கிறது. அதற்குக் களத்தடுப்பு விகிதம் என்று பெயர் வைத்துக்கொள்வோம். ஓர் ஆட்டக்காரர் பந்தைப் பிடித்தோ எறிந்தோ எதிரணியினரை வெளியேற்ற உதவிய முறைகளை எண்ணி, அவற்றோடு பிழைகளையும் கூட்டி, மொத்தத்தில் எத்தனை பங்கு சரியாகச் செய்தார் என்று பார்ப்பது. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஒரு கற்பனைக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

தினேஷ், கவின் என இரண்டு ஷார்ட்ஸ்டாப்கள். ஓர் ஆண்டில் இருவர் பக்கமும் 500 பந்துகள் வருகின்றன. தினேஷ் 440 பந்துகளை எட்டுகிறார். அவற்றில் 10 பிழை. 430 பேரை வெளியேற்றுகிறார். கவின் வேகமானவர். 480 பந்துகளை எட்டுகிறார். மற்றவர் தொடவே முடியாத பந்துகளையும் பாய்ந்து பிடிக்கப் போவதால் பிழையும் கூடுகிறது: 20. ஆனாலும் 460 பேரை வெளியேற்றுகிறார். களத்தடுப்பு விகிதம் என்ன? தினேஷுக்கு 430ஐ 440ஆல் வகுத்தால் 0.977. கவினுக்கு 460ஐ 480ஆல் வகுத்தால் 0.958. விகிதத்தை மட்டும் பார்த்து அட்டை தயாரிப்பவர் தினேஷுக்கு 1 கொடுப்பார், கவினுக்கு 3 கொடுப்பார். ஆனால் எதிரணியினரை 30 முறை கூடுதலாக வெளியேற்றியது கவின்! அந்த 30 பந்துகளும் தினேஷின் கணக்கில் பிழையாகவும் வரவில்லை, முயற்சியாகவும் வரவில்லை. வகுக்கும் எண்ணிலேயே அவை இல்லை.

தொடக்கப்பள்ளியில் அறிவியல் செயற்பாங்குத் திறன் படித்தபோது "செயல்நிலை வரையறை" என்று ஒன்றைக் கற்றிருப்பீர்கள். தேர்வுக்காக மனப்பாடம் செய்து அப்போதே மறந்திருப்பீர்கள், தெரியும். ஒன்றை எப்படி அளக்கிறோம் என்பதை வைத்து அதை வரையறுப்பதுதான் அது. களத்தடுப்பு விகிதம் அளப்பது "தொட்ட பந்தைக் கையாளும் திறன்". அதற்கு "களத்தடுப்புத் திறன்" என்று பெயர் சூட்டியபோதுதான் அநியாயம் உள்ளே நுழைந்தது. பெயர் பெரியது, அளவீடு சிறியது.

பிழை என்ற அந்தப் பதிவுகூட முழு உற்றறிதல் இல்லை. ஆட்டத்தை மேலேயிருந்து பார்க்கும் அதிகாரப்பூர்வப் பதிவாளர் ஒருவர், "சாதாரண முயற்சியில் இதைப் பிடித்திருக்க முடியும்" என்று கருதினால்தான் அது பிழை. ஒரு மனிதரின் ஊகம் எண்ணாக மாறி ஏட்டில் ஏறுகிறது. ஏறியபிறகு அது ஊகம் என்பதை எல்லாரும் மறந்துவிடுகிறார்கள்.

இப்போது உண்மையான ஆட்டக்காரர்களுக்கு வருவோம். ஓஸி ஸ்மித் என்ற ஷார்ட்ஸ்டாப் 1980இல் சான் டியேகோ அணிக்கு ஆடியபோது ஒரே பருவத்தில் 621 முறை பந்தை எடுத்து எறிந்து வெளியேற்றங்களுக்கு உதவினார். ஷார்ட்ஸ்டாப் ஒருவரின் சாதனை அது. அதே பருவத்தில் அவர் செய்த பிழைகள் 24, விகிதம் 0.974. முப்பது ஆண்டுகள் கழித்து, 2010இல், நியூயார்க் யாங்கீஸ் அணியின் டெரிக் ஜீட்டர் 6 பிழைகள் மட்டுமே செய்தார், விகிதம் 0.989. விகிதத்தின்படி ஜீட்டர்தான் மேல். இருவரின் ஆட்டத்தையும் பார்த்த எவரும் அப்படிச் சொல்ல மாட்டார். ஓஸி ஸ்மித் 1980 முதல் 1992 வரை தொடர்ந்து 13 முறை தங்கக் கையுறை விருது பெற்றவர். அவர் பாய்ச்சலைக் காணவே மக்கள் நுழைவுச்சீட்டு வாங்கினார்கள்.

ஜீட்டரைப் பற்றிச் சொல்லும்போது கவனமாகச் சொல்ல வேண்டும். 3,465 முறை வெற்றிகரமாக அடித்த மாபெரும் ஆட்டக்காரர். அதில் எனக்கு வாதமில்லை. அவரும் ஐந்து முறை தங்கக் கையுறை வாங்கினார், 2010 உட்பட. ஆனால் எட்டாத பந்துகளையும் சேர்த்து எண்ணும் முறைகள் வந்தபோது, பெரும்பாலான ஆண்டுகளில் அவர் சராசரிக்குக் கீழே இருந்தார். பில் ஜேம்ஸ் என்ற புகழ்பெற்ற பேஸ்பால் ஆய்வாளர், 2006இல் வெளிவந்த ஒரு நூலுக்காக ஜீட்டரையும் ஹியூஸ்டன் அணியின் ஆடம் எவரெட்டையும் ஒப்பிட்டு எழுதினார். எண்களோடு நிற்காமல் காணொளிகளையும் பார்த்தார். எவரெட்தான் சிறந்த களத்தடுப்பாளர் என்ற முடிவுக்கு வந்தார். எவரெட்டின் பெயரை நீங்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். அவர் ஒரு முறைகூடத் தங்கக் கையுறை பெற்றதில்லை.

புகழ் எண்ணை எப்படி வளைக்கும் என்பதற்கு இதைவிட வேடிக்கையான சான்றும் உண்டு. 1999இல் டெக்சஸ் அணியின் ரஃபேல் பால்மேரோ முதல் தளத்துக்கான தங்கக் கையுறையைப் பெற்றார். அந்தப் பருவத்தில் அவர் முதல் தளத்தில் நின்றது 28 ஆட்டங்கள்தான். மற்ற ஆட்டங்களில் பெரும்பாலும் மட்டை பிடிப்பது மட்டுமே அவர் வேலை. வாக்களித்தவர்கள் இரசிகர்கள் அல்லர்; அணி மேலாளர்களும் பயிற்றுநர்களும். முந்தைய ஆண்டுகளில் அவருக்கிருந்த பெயர் அவர்கள் கண்ணை மறைத்தது என்றுதான் சொல்ல வேண்டும். 2013 முதல் அந்த விருதில் ஏறக்குறைய கால் பங்கு புள்ளிவிவரக் குறியீட்டுக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது. தாமதமானாலும் நல்ல திருத்தம்.

"அப்படியென்றால் பிடித்த பந்துகளை மட்டும் எண்ணிவிடலாமே, பிழையை ஏன் பார்க்க வேண்டும்?" என்று கேட்கும் மாணவர் ஒவ்வொரு வகுப்பிலும் இருப்பார். பில் ஜேம்ஸே அப்படி ஒரு முறையைக் கொண்டுவந்தார்: ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக எத்தனை வெளியேற்றங்களில் பங்கு என்று பார்ப்பது. விகிதத்தைவிட மேல்தான். ஆனால் இங்கே மாறிகள் குறுக்கே வருகின்றன. அணியின் பந்து வீச்சாளர் எதிரணியினரை மட்டையில் படாமலேயே வெளியேற்றினால் ஷார்ட்ஸ்டாப் பக்கம் பந்தே வராது. 2010இல் அப்படி வெளியேறியவர்கள் 1980ஐவிட அதிகம். அதனால் ஓஸியையும் ஜீட்டரையும் இந்த எண்ணால் நேரடியாக ஒப்பிட்டால் ஜீட்டருக்கு அநியாயம். பந்தைத் தரையோடு அடிக்க வைக்கும் பந்து வீச்சாளர் இருந்தால் உள்களத்தில் நிற்பவருக்கு வேலை அதிகம். உயர அடிக்க வைப்பவர் இருந்தால் வெளிக்களத்தாருக்கு அதிகம். மைதானமும் ஒரு மாறிதான். பாஸ்டனின் ஃபென்வே பார்க்கில் இடப்பக்கச் சுவர் ஏறக்குறைய 11 மீட்டர் உயரம், அதுவும் மிக அருகில். வேறு மைதானத்தில் கைக்கு வந்து விழும் பந்து அங்கே சுவரில் மோதித் திரும்பும். சுவரைக் கணக்கில் எடுக்காமல் இடப்பக்கக் காவலரைத் திட்டுவது, குளிர்சாதன அறையில் வைத்த செடியையும் வெயிலில் வைத்த செடியையும் ஒப்பிட்டு உரத்தைக் குறை சொல்வது போன்றது. கட்டுப்படுத்தப்பட்ட மாறி எங்கே என்று உங்கள் ஆய்வறிக்கையில் நான் சிவப்பு மையால் எழுதுவேன், இல்லையா?

2015 முதல் அமெரிக்க உயர்மட்ட லீக்கின் 30 மைதானங்களிலும் ஸ்டாட்காஸ்ட் என்ற கண்காணிப்பு முறை இயங்குகிறது. பந்தும் ஆட்டக்காரர்களும் எங்கே, எவ்வளவு வேகத்தில் நகர்கிறார்கள் என்பதை அது பதிவு செய்கிறது. வெளிக்களத்தில் ஒரு பந்து உயர வருகிறது என்று வையுங்கள். காவலர் எவ்வளவு தூரம் ஓட வேண்டும், எத்தனை நொடி இருக்கிறது, பின்னோக்கி ஓட வேண்டுமா என்பதையெல்லாம் பார்த்து, "இதுபோன்ற பந்தை 100இல் 25 முறைதான் பிடிக்கிறார்கள்" என்று கணக்கிட முடியும். அதைப் பிடித்துவிட்டால் அவருக்கு 0.75 புள்ளி கூடும். விட்டுவிட்டால் 0.25தான் குறையும். நூற்றுக்குத் தொண்ணூறு முறை பிடிபடும் எளிய பந்தை விட்டால் 0.90 குறையும், பிடித்தால் 0.10தான் கூடும். எவ்வளவு அழகான கணக்கு பாருங்கள்! கடினமான பந்துக்குப் பாய்ந்தவர் தண்டிக்கப்படவில்லை. நின்று பார்த்தவருக்கும் கணக்கு எழுதப்படுகிறது. என் பார்வையில் பாவனை விளையாட்டின் தரப்புள்ளி இந்த அடிப்படையில் இருந்தால்தான் நியாயம்.

வகுப்பறைக்கும் இது பொருந்துமோ என்று அவ்வப்போது யோசிப்பேன். கை தூக்கித் தவறான பதில் சொல்லும் மாணவரின் பிழை எல்லார் காதிலும் விழுகிறது. வாயே திறக்காதவருக்குப் பிழையே இல்லை. சரி, அது வேறு கட்டுரை.

கேமரா வந்துவிட்டதால் எல்லாம் தீர்ந்துவிடவில்லை. பதிலாட்டக்காரர் ஒருவர் ஆண்டு முழுவதும் 20 பந்துகளைத்தான் சந்தித்தார், இருபதையும் பிடித்தார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு 1 கொடுக்கலாமா? உங்கள் கணிப்பானை எடுத்து 0.9ஐ இருபது முறை பெருக்குங்கள். ஏறக்குறைய 0.12 வரும். அதாவது நூற்றுக்குத் தொண்ணூறு பிடிக்கும் சாதாரண ஆட்டக்காரர்கள் 100 பேரிடம் தலைக்கு 20 பந்துகளைக் கொடுத்தால், ஏறக்குறைய 12 பேர் ஒன்றைக்கூட விடாமல் பிடித்துவிடுவார்கள். அந்தப் பன்னிரண்டு பேரும் மேதைகள் இல்லை. அதிர்ஷ்டம் பக்கத்தில் நின்றது. ஆகவே குறைந்த தரவு உள்ளவரின் எண்ணைச் சராசரி நோக்கி இழுத்துத்தான் தரம் கொடுக்க வேண்டும். "சாதித்தவனின் எண்ணைக் குறைக்கிறார்களே" என்று இரசிகர்கள் கோபப்படுவார்கள். கோபப்படட்டும். 500 பந்துகளில் அதே ஆட்டத்தைக் காட்டினால் எண் தானாக ஏறும்.

இவ்வளவும் சொன்னபிறகு, "ஆசிரியர் ஐயா, இது வெறும் விளையாட்டுதானே, பிடித்த ஆட்டக்காரருக்கு ஒரு புள்ளி கூட்டிக் கொடுத்தால் யாருக்கு நட்டம்?" என்று கேட்கலாம். நட்டம் இருக்கிறது. அதைக் கணக்காகவே காட்ட முடியும். உயர்மட்ட லீக்கில் களத்துக்குள் அடிக்கப்படும் 100 பந்துகளில் ஏறக்குறைய 70 வெளியேற்றமாக முடிகின்றன. ஓர் அணி ஒரு பருவத்தில் எத்தனை பந்துகளை வெளியேற்றமாக மாற்றியது என்பது ஊகம் இல்லை. பதிவேட்டில் உள்ள எண். ஆட்டக்காரர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பெருமை எல்லாம் கூடினால் அந்த எண்ணைத் தாண்டக் கூடாது. ஆற்றல் அழியாமைக் கோட்பாடு மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். ஒருவருக்குச் செய்யாத 30 வெளியேற்றங்களைக் கொடுத்தால், அந்த 30ஐ யாரிடமிருந்தாவது எடுக்க வேண்டும். பக்கத்தில் நிற்கும் இரண்டாம் தளக் காவலரிடமிருந்து எடுப்பார்கள், அல்லது பந்து வீச்சாளரின் அட்டையை மோசமாக்குவார்கள். எடுக்காமல் விட்டால் பாவனை அணி உண்மை அணியைவிட அதிகமாக வெல்லும்; அப்போது அது பாவனையே இல்லை. எப்படிப் பார்த்தாலும் நட்டம் பெயர் தெரியாத யாரோ ஒருவருக்கு. எவரெட் போன்ற ஒருவருக்கு.

மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். 1961இல் அட்டை தயாரித்தவர்களிடம் கேமரா இல்லை. மைதானத்தில் உட்கார்ந்து பார்த்தவர்களின் கண்தான் அன்று கிடைத்த மிகச் சிறந்த கருவி. அனுபவமுள்ள கண் பிழை எண்ணிக்கையைவிட நல்ல கருவி என்றுகூட நான் சொல்வேன். பந்து தாண்டிப் போவதைக் கண் பார்க்கும், பிழைப் பட்டியல் பார்க்காது. 1920களின் ஆட்டக்காரர்களுக்கு இன்று அட்டை தயாரித்தாலும் கேமரா பதிவு கிடைக்கப் போவதில்லை. ஆகவே பழைய விளையாட்டுகளின் மேல் எனக்குக் கோபமில்லை. ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக்கின் விரிவான ஆட்டமுறையில் ஒரு புத்திசாலித்தனமும் உண்டு. பந்தை எட்டும் திறனுக்கு ஓர் எண், பிழை செய்யும் போக்குக்கு வேறோர் எண் என இரண்டாகப் பிரித்திருக்கிறார்கள். நம் தினேஷும் கவினும் அங்கே வந்தால் தினேஷுக்கு எட்டும் திறன் குறைவு, பிழையும் குறைவு. கவினுக்கு இரண்டும் அதிகம். இருவரும் எப்படிப்பட்டவர்கள் என்பது அட்டையைப் பார்த்தவுடன் தெரிந்துவிடும். அதை விட்டுவிட்டு எல்லாவற்றையும் ஒரே எண்ணில் திணித்து "களத்தடுப்பு: 78" என்று போடும் கணினி விளையாட்டுகளைத்தான் நான் குறை சொல்கிறேன். 78 என்றால் 77ஐவிட மேல் என்று உறுதியாகச் சொல்லும் அளவுக்குத் துல்லியம் அவர்களிடம் இருக்கிறதா? 75க்கும 81க்கும் இடையே எங்கோ என்று போட்டால் விளையாட்டின் சுவை குறைந்துவிடுமாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அட்டையில் இருப்பது உற்றறிந்ததா, ஊகித்ததா என்று ஒரு சின்னக் குறியாவது போடலாம்.

நீங்களே செய்து பார்க்கலாம். உங்கள் பள்ளியில் சாஃப்ட்பால் ஆட்டம் நடக்கும் நாளில் ஒரு நண்பரையும் அழைத்துக்கொண்டு திடலுக்குப் போங்கள். ஆளுக்கொரு தாள். ஒரே ஒரு ஆட்டக்காரரைத் தேர்ந்தெடுங்கள், முடிந்தால் ஷார்ட்ஸ்டாப். அவர் பக்கம் வரும் ஒவ்வொரு பந்துக்கும் மூன்றில் ஒன்றைக் குறியுங்கள்: பிடித்து வெளியேற்றினார், தொட்டார், ஆனால் விட்டார், எட்டவில்லை. மூன்றாவதைக் குறிக்கும்போது, நல்ல ஆட்டக்காரர் ஒருவர் அதை எட்டியிருப்பாரா என்று பக்கத்தில் ஆம், இல்லை எழுதுங்கள். ஆட்டம் முடியும்வரை ஒருவர் தாளை மற்றவர் பார்க்கக் கூடாது. முடிந்ததும் இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். முதல் இரண்டு பத்திகளும் அநேகமாக ஒத்துப்போகும். மூன்றாவது பத்தியில் நீங்களும் நண்பரும் எத்தனை பந்துகளில் வேறுபட்டிருக்கிறீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். அந்த எண்ணிக்கையை எனக்கும் எழுதி அனுப்புங்கள். ஆட்டக்காரரின் பெயர் வேண்டாம்.